சுமக்கும் வண்டியும் வழங்கும் வண்டியும்

உளியும் வாளும் தச்சர் தோளில் ஏறிச் சென்ற காலத்தில், அவற்றை இயக்கும் ஆற்றலும் அத்தோளிலேயே இருந்தது. இன்றோ ரம்பம் மின்சாரத்தால் சுழல்கின்றது. கருவி கையிலும் ஆற்றல் மின்கம்பத்திலும் பிரிந்து நிற்கின்றன. கம்பம் எட்டாத இடத்தில் தொழிலாளி என் செய்வார்? ஜெனரேட்டரே நெடுங்காலம் விடையாக இருந்து வருகின்றது.

அவ்விடையின் கடுமையை நாம் அறிவோம். வகுப்பறை அருகே கட்டடப் பணி நடந்த நாள்களில், ஜெனரேட்டர் முழங்கத் தொடங்கியதும் நாம் நடத்திய செய்யுள் கடைசி வரிசையை எட்டாது. நமக்கு அது ஒரு பாடவேளைத் துன்பம். நாள் முழுதும் அதனருகே நின்றவர்க்கோ, செவியும் மூச்சும் சேர்ந்து செலுத்திய விலை. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. அடைபட்ட இடத்தில் உயிரையே பறிக்க வல்லது.

இதற்கு ஒரு மாற்று அமெரிக்காவில் தோன்றியது. ஃபோர்டு நிறுவனம் 2022ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்த எஃப்-150 லைட்னிங் என்னும் மின் டிரக்கின் உயர்வகைகளில், 9.6 கிலோவாட் வரை வழங்கும் 11 பிளக் பாயிண்டுகள் அமைந்தன. பத்து, 120 வோல்ட். ஒன்று, 240 வோல்ட். எஞ்சின் இல்லாமையால் முன்புறம் பொருள் வைக்கும் பெட்டியாயிற்று, அங்கு 2.4 கிலோவாட், ஏனைய இடங்களில் 7.2 கிலோவாட் எனப் பகுத்தனர். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டமாக்கித் தருகின்றது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 1,800 வாட் வட்ட ரம்பம் விட்டுவிட்டு இயங்கி, மொத்தம் ஒரு மணி நேரம் அறுத்தால் 1.8 யூனிட். 1,500 வாட் காற்றழுத்தி இரண்டு மணி நேரம் ஓடினால் 3 யூனிட். விளக்கு முதலியவற்றையும் சேர்த்து ஆறு யூனிட் எனக் கொள்வோம். பெரிய பேட்டரியின் கொள்ளளவு 131 யூனிட். அதனைக் கொண்டு ஏறத்தாழ 515 கிலோமீட்டர் ஓடலாம் என்பது அந்நாட்டு மதிப்பீடு. ஆகவே ஒரு நாள் தச்சுவேலை, ஏறக்குறைய 24 கிலோமீட்டர்ப் பயணத்திற்கு ஈடாகும்.

எனினும் கவனம் வேண்டும். மோட்டார் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் பன்மடங்கு உயரும். பல கருவிகளை ஒருசேர முடுக்கினால் காப்பமைப்பு வழங்கலை நிறுத்திவிடும். கடுங்குளிரில் வண்டி ஓடும் தொலைவும் குறையும். வேலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, வீடு திரும்ப வழியின்றி நிற்றல் கூடாது. பயணத்திற்குரியதை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதைக் கருவிக்குத் தருவதே முறை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் பனிப்புயலால் இருண்டபோது, இதே எஃப்-150 வரிசையின் ஹைபிரிட் டிரக்குகளிலிருந்து மின்சாரம் எடுத்துச் சிலர் தம் இல்லங்களில் விளக்கேற்றினர். கருவிக்கென அமைந்த வசதி, இடரில் குடும்பங்களையும் தாங்கிற்று.

இத்தகைய வண்டி கூலித் தொழிலாளி வாங்கும் விலையில் இல்லை என்பது உண்மையே. ஆயின் வேலை தருவோர் வாங்கலாம். பல ஜெனரேட்டர்களை வாங்கியவர்கள்தாமே அவர்கள்? மாலையில் கூலியோடு இல்லம் திரும்புபவர்தம் செவியும் மூச்சும் குறைவின்றி உடன் திரும்புதல் வேண்டும். அதற்கு உதவுமாயின், அவ்வண்டி சுமக்கும் சுமைகளுள் அதுவே தலையாயது என்போம்.