கண்ணாடிக்குப் பின்னால் பாம்புகள்

மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்தில் 2017ல் திறக்கப்பட்ட ‘ரெப்டோபியா’ ஊர்வன கூடத்தை நம்மில் பலர் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்போம். வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக அதன் பின்பக்கம் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

“நச்சுப் பாம்பின் கதவை யாரும் தனியாகத் திறக்க மாட்டோம்,” என்றார் பராமரிப்பாளர். “பாம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பூட்டில் கை வைப்போம்.”

உணவு, உறைய வைத்த எலி. அதை இளஞ்சூடாக்கி நீண்ட இடுக்கியால் நீட்டுகிறார்கள். மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. ஆறிப்போன எலியை அது கண்டுகொள்ளாமலும் போகலாம். பல்லி இனங்களுக்குப் புறஊதா விளக்கு வேண்டும். அந்த ஒளி இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி குறைந்து எலும்பு வலுவிழக்கும்.

அவருடைய கவலையெல்லாம் வெளியே திரியும் பாம்புகளைப் பற்றியது. வலை பின்னியதுபோல் கோலம் கொண்ட மலைப்பாம்பு உலகிலேயே மிக நீளமானது. நம் கால்வாய்களிலேயே வாழ்கிறது, எலிகளைத் தின்கிறது, அதற்கு நஞ்சு கிடையாது. “அதைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தூக்குகிறார்கள். அடிபட்ட பாம்புதான் கடிக்கும். நஞ்சில்லை என்றாலும் காயம் ஆழமாக இருக்கும்,” என்றார்.

புளோக்குக்குக் கீழே பாம்பைக் கண்டால் பிள்ளைகளையும் செல்லப்பிராணிகளையும் அழைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் ரெப்டோபியா போகும்போது, கண்ணாடி முன் நின்றே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.