இரண்டு எண்ணை மிச்சம் பிடித்தேன்!

எதையும் மிச்சம் பிடிக்கிறவள் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கரைந்துபோன சோப்பைக்கூடப் புதுசோடு ஒட்டித் தேய்ப்பேன். அந்தப் புத்தி என் குழந்தை விஷயத்திலேயே விளையாடிவிட்டது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2025 ஜூன் மாதம். ஒரு நாள் காலையில் கீழ்வீட்டு அம்மா அவசரமாகப் படியேறி வந்தார். "பாப்பாவைக் கொஞ்ச நாளைக்குக் கீழே விடாதீங்க. எங்க பையனுக்குத் தட்டம்மைன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் நாள் சாயங்காலம்தான் இரண்டு குழந்தைகளும் ஒரே பந்தை உருட்டி விளையாடியிருந்தார்கள்.

"நம்ம பாப்பாவுக்குத்தான் ஊசி போட்டாச்சே, ஏன் பயப்படறே?" என்றார் இவர். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பீரோவிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்தேன். ஒன்பது மாதம் முடிந்ததும் போட்ட முதல் தவணைக்கு எதிரே தேதி இருந்தது. இரண்டாம் தவணைக்கு உரிய கட்டம் வெறுமையாக இருந்தது! ஓரத்தில் பென்சிலால், வரவேண்டிய நாள் '10-1-25' என்று குறித்திருந்தார்கள். ஐந்து மாதம் ஓடிப்போயிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அட்டையிலுள்ள தேதிகளை எல்லாம் கம்ப்யூட்டர் காலண்டரில் நானே ஏற்றி வைத்திருந்தேனே! முந்தின ஊசிகளுக்கெல்லாம் முதல் நாளே அது ஞாபகப்படுத்தியது. இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டது?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இரண்டாம் தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போடவேண்டியது. உங்க குழந்தைக்கு இப்போ 21 மாதம்தானே? அப்படியே தவறினாலும் 5 வயது வரை போடலாம். ஆனா தள்ளிப்போடப் போட, குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு. ஒரு தவணையிலே எதிர்ப்புச் சக்தி வராத சில குழந்தைகளுக்காகத்தான் இரண்டாவதே" என்று சொல்லி, அன்றே ஊசி போட்டார். அதன் பிறகு மூன்று வாரம், நாளுக்குப் பத்துத் தடவை குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. கீழ்வீட்டுப் பையனும் தேறிவிட்டான்.

அந்த வாரம் வந்த என் தம்பி கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நீ ஊசிக்குத் தேதி போட்டிருக்கே, ஆனா கி.பி. 25ஆம் வருஷத்திலே!"

விஷயம் இதுதான். முந்தின தேதிகளை எல்லாம் கட்டத்தில் நாளைப் பார்த்துத் தொட்டு வைத்திருந்தேன். இதை மட்டும், அட்டையில் இருந்தபடியே '10-1-25' என்று தட்டினேன். வருஷத்துக்கு நாலு எண் கேட்கும் இடம் அது. நான் இரண்டைக் கொடுத்ததும், முன்னால் இரண்டு சைபரைச் சேர்த்து 0025 என்று வைத்துக்கொண்டது. இரண்டாயிரம் வருஷம் முன்னால் போன நாளுக்கு அது எப்படி மணி அடிக்கும்?

எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படியே செய்யும் என்றும் இல்லையாம். சிலது தானாகவே ஊகித்துக்கொள்ளும். கணக்கு எழுதும் எக்செலில் வெகுகாலமாக இருந்துவந்த ஏற்பாட்டின்படி, 29 என்று தட்டினால் 2029. 30 என்று தட்டினால் 1930! இந்த அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? 2031ல் முதிர்வாகும் டெபாசிட்டை '31' என்று குறித்தால், அது 1931க்குப் போய் உட்கார்ந்துவிடலாம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து வினோனா என்ற ஊரில், 1992ல், 104 வயதுப் பாட்டி ஒருவருக்கு மழலைப் பள்ளியில் சேர வரச்சொல்லி அழைப்பு போனதாம். '88ல் பிறந்தவர்' என்பதை வைத்து, கம்ப்யூட்டர் அவருக்கு 4 வயது என்று கணக்குப் போட்டுவிட்டது. அவர் பிறந்தது 1888ல்!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "இதிலே என்ன அதிசயம்? நான் பிறந்ததும் பிலவ வருஷம், 2021ம் பிலவ வருஷம். பிலவன்னு மட்டும் சொன்னா, எந்தப் பிலவன்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். அந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியுமா, உன்னைத் தெரியுமா?" என்றார். அத்தை பிறந்தது 1961ல். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயரைப் போலத்தான், நூறு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் அந்த இரண்டு எண்ணும். மனுஷர் பார்த்துப் புரிந்துகொள்வதை எல்லாம் இயந்திரமும் புரிந்துகொள்ளும் என்று நினைத்தது என் தப்பு.

இப்போது எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் வந்துவிட்டன. வருஷத்தை எங்கே எழுதினாலும் நாலு எண்ணாகவே எழுதுகிறேன். காலண்டரில் ஒரு தேதியைப் போட்டதும், அந்த மாதத்தைத் திறந்து, அது அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன். மாதம் பிறந்ததும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் பார்க்கிறேன்.

சோப்பை இன்னும் ஒட்டித்தான் தேய்க்கிறேன். ஆனால் தேதியில் மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. உங்கள் வீட்டிலும் குழந்தையின் அட்டை எங்கே இருக்கிறது? இதைப் படித்து முடித்த கையோடு எடுத்து, காலண்டரோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்களேன்!