அடைக்கலம் காத்த அன்னையர்

பண்டைக் காப்பியங்களில் பெண்டிர் பெறும் இடம் யாது என வினவினால், கண்ணகியின் கற்பையும் மணிமேகலையின் துறவையும் கூறி அமைவது நம் வழக்கம். பல்லாண்டுகள் வகுப்பறையில் நாமும் அவ்வாறே கூறி வந்தோம். அதனை மாற்றியவர் காட்டுப்பள்ளியிலிருந்து பயில வந்த மாணவி ஒருவர். ‘அடைக்கலக் காதை’ நடத்திய அன்று அவர் எழுந்து, “ஐயா, மாதரி செய்த தவறு என்ன?” என்றார். நாம் விடையின்றி நின்றோம்.

மாதரி ஆயர்குல முதுமகள். சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கிறார். அவள் மறுக்காது ஏற்றுத் தனிமனை தந்து, மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். கோவலன் கொலையுண்டபின், அடைக்கலம் பிழைத்ததெனத் தீயிற் புகுந்தாள் என்பதை ‘நீர்ப்படைக் காதை’யில் மாடலன் உரைக்கிறான்.

மாணவி வினவிய காரணம் பின்னர் விளங்கியது. 2013-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கும் முன்பே, பழைய கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்த குப்பத்தினர் அவர் குடும்பத்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அவருடைய பாட்டியார், வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் மனைவியையும் கைக்குழந்தையையும் தம் வீட்டில் வைத்துக் காத்தார். வெள்ளம் வடிந்ததும் அவர்கள் சென்றுவிட்டனர். நலமாக ஊர் சேர்ந்தனரோ என்று மழை பெய்யுந்தோறும் அம்மூதாட்டி இன்றும் கலங்குகிறாராம்!

நம்பி ஒப்படைக்கப்பட்டதை ‘அமானிதம்’ என்போம். தம் வணிகப் பொருளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நம்பி ஒப்படைத்தவர் கதீஜா நாயகி (ரலி). முதல் வேத வெளிப்பாட்டின்போது நடுங்கி வந்த நாயகத்தைப் போர்த்தித் தேற்றியவரும் அவரே. அவர்தம் திருமணத்தை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் விரித்துப் பாடினார். நம்புதலும் நம்பியோரைத் தாங்குதலும் காப்பிய மகளிரின் பெரும்பணி என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

உயிரைத் தானே மாய்த்தலை நம் மார்க்கம் ஏற்காது. ஆயினும் மாதரியின் துயரை அறியாதிருத்தல் அறமன்று. அவள் தவறவில்லை, ஆராயாது ஆணையிட்ட அரசே தவறியது. பிறர் பிழையின் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள் அவள்.

மறுநாள் வகுப்பில் இவ்விடையைக் கூறினோம். “இதைப் பாட்டியிடம் சொல்கிறேன், ஐயா” என்றார் மாணவி. ஒரு வரியில் கடந்து வந்த மாதரிக்கு இனி ஒரு முழு வகுப்பு உண்டு. அடைக்கலம் தரும் கரங்களை இறைவன் காப்பானாக!