குரலுக்கு வழி திறக்கும் தாளம்

ஆலயப் பாடகர் குழுவோடு கைப்பறையும் வெண்கலத் தாளமும் வாசிக்கிறவன் நான். வேதாகமத்தில் ஒரு கருவியின் பெயர் வந்தால் என் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். அது யார் கையில் இருந்தது, எப்போது ஒலித்தது, ஒலித்ததும் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வசனத்துக்குப் போவேன். இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதிப்பட்ட ஒன்று உண்டு. பழைய இஸ்ரவேலின் ஆராதனையில் தாளக் கருவிக்கென்று தனி ஊழியம் இருந்தது. பின்னால் வரப்போகும் குரலுக்கு வழி திறந்துவிடுவதே அந்த ஊழியம்.

முதலில் தோஃப். மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, கையால் தட்டுகிற சிறு பறை. செங்கடலைக் கடந்ததும் மிரியாம் எடுத்தது இதைத்தான். யாத்திராகமம் 15-ல் வரிசையைக் கவனியுங்கள். அவள் தோஃபைக் கையில் எடுக்கிறாள். பெண்கள் எல்லாரும் தங்கள் தோஃபுகளோடும் நடனத்தோடும் அவள் பின்னே புறப்படுகிறார்கள். அதற்குப் பிறகே அவளுடைய பாடல் வருகிறது. 1 சாமுவேல் 10-ல் மேட்டிலிருந்து இறங்கி வரும் தீர்க்கதரிசிகளின் கூட்டத்துக்கு முன்னே யாழும் குழலும் தோஃபும் ஒலிக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து தீர்க்கதரிசனம் வருகிறது. 68-ஆம் சங்கீதத்தின் ஊர்வலத்தில் முன்னே பாடகர், பின்னே வாத்தியக்காரர், நடுவே தோஃப் தட்டும் இளம்பெண்கள். ஊர்வலத்தில் வாசித்தவர்களுக்கு இந்த அமைப்பின் அருமை தெரியும். முன்னே போகிறவர்களுக்கும் பின்னே வருகிறவர்களுக்கும் ஒரே நடை கிடைக்க வேண்டுமானால் பறை நடுவில்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பெண்களின் சாயலைச் சுடுமண் பாவைகளில் பார்க்கலாம். இஸ்ரேல் நிலப்பகுதியில் தோண்டியெடுத்த இரும்புக் காலப் பாவைகளில் வட்டமான ஒன்றை ஏந்திய பெண்ணுருவங்கள் பல உண்டு. சிலவற்றில் அந்த வட்டம் மார்போடு ஒட்டித் தட்டையாக இருப்பதால், அது பறையா, அப்பமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். வட்டத்தை உடலுக்குக் குறுக்கே நிமிர்த்திப் பிடித்திருக்கும் பாவைகளோ கைப்பறை வாசிக்கும் பெண்கள் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஒரு கை வளையத்தின் விளிம்பைப் பற்றியிருக்கிறது. மறு கை தோலின்மேல் விரிந்து படிந்திருக்கிறது. கரோல் மையர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1991-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பாவைகளையும் வேதப் பகுதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பறை வாசிப்பு அங்கே பெண்கள் முறையாகப் பயின்று தேர்ந்த கலை என்பது அவருடைய முடிவு.

பாவைகளின் அந்தப் பிடியை என் கைப்பறையில் பிடித்து வாசித்திருக்கிறேன். வளையத்தைத் தாங்கும் கையின் விரல்நுனிகள் சும்மா இருப்பதில்லை. விளிம்பில் சின்னச் சின்ன அடிகளைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். மறு கையின் உள்ளங்கை நடுவில் படிந்தால் அடங்கிய கனத்த நாதம் வரும். விரல் ஓரத்தில் பட்டு உடனே விலகினால் திறந்த ஓசை வெளியே பாயும். தோளில் வார் வேண்டாம், உட்கார இடம் வேண்டாம். நடந்தபடி வாசிக்கலாம், சுழன்றபடி வாசிக்கலாம், பக்கத்தில் வருபவளைப் பார்த்து அடிவைத்தபடி வாசிக்கலாம். தோஃபும் நடனமும் வேதத்தில் ஏன் அடிக்கடி இணைந்தே வருகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த இரண்டு பயணங்களும் எங்களைப் போன்றவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியவை. முதல் பயணத்தில் யாழ்களோடு தோஃப், குலுக்குக் கருவி, கைத்தாளம் எல்லாம் ஒலிக்கின்றன. அந்தப் பயணம், பெட்டியைப் பிடிக்கக் கைநீட்டிய ஊசாவின் மரணத்தில் முடிகிறது. தோஃபின்மேல் ஒரு குறைச்சொல்லும் இல்லை. பெட்டியை அவர் தொட்டதும், அதை லேவியர் சுமக்காததுமே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டாம் பயணத்தைச் சொல்லும் 1 நாளாகமம் 15-ல் லேவியர் முறையாக நியமிக்கப்படுகிறார்கள். அங்குள்ள கருவிப் பட்டியலில் தோஃப் இல்லை. கைத்தாளம் இருக்கிறது. அதற்குப் பின் ஆலய ஊழியத்தைப் பற்றி நாளாகமம் பேசும் இடங்களிலும் கைத்தாளமே வருகிறது. வீதியும் வெளியும் தோஃபுக்கு, ஆலயப் பிராகாரம் கைத்தாளத்துக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கைத்தாளம் யாரிடம் இருந்தது? ஏமான், ஆசாப், ஏத்தான் ஆகிய மூவரிடம். மூவரும் பாடகர்களின் தலைவர்கள். யாழ்கள் மற்ற லேவியருக்கு. வெண்கலத் தாளம் தலைவர்களுக்கு. நம் நாட்டியத்தில் ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் நடத்துகிற நட்டுவனார் கையில் தாளம் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சிறைமீண்டு வந்தவர்கள் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளிலும், ஆசாப்பின் வம்சத்தார் கைத்தாளங்களோடு நின்றதை எஸ்றா 3 பதிவுசெய்கிறது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே தாளம் வந்துவிட்டது.

அந்த இரண்டாம் ஆலயத்தில் தாளம் எப்படி ஒலித்தது என்பதை யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா நுணுக்கமாகச் சொல்கிறது. அதில் தாமித் என்ற பகுதியின் 7-ஆம் அதிகாரத்தைத் தாளம் வாசிக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அன்றாடப் பலி முடிகிற நேரம். இரண்டு ஆசாரியர்கள் வெள்ளி எக்காளங்களை ஊதிவிட்டு, பென் அர்சா என்ற தாளக்காரரின் இரு பக்கமும் வந்து நிற்கிறார்கள். பிரதான ஆசாரியர் திராட்சரசத்தைப் பானபலியாக ஊற்றக் குனிகிறார். அவருடைய துணைவர் கொடியை அசைக்கிறார். பென் அர்சா தாளத்தைத் தட்டுகிறார். லேவியர் பாடத் தொடங்குகிறார்கள். கண்ணுக்கு ஒரு கொடி, காதுக்கு ஒரு தட்டு, அடுத்த மூச்சில் பாடல். அராகின் என்ற இன்னொரு பகுதி கருவிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. கின்னோர் யாழ் 9-க்குக் குறையக் கூடாது. எக்காளம் 2-க்குக் குறையக் கூடாது. இரண்டையும் வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். கைத்தாளம் மட்டும் ஒன்றே ஒன்று. தொடக்கத்தைச் சொல்கிறவர் ஒருவராக இருந்தால்தான் எல்லாரும் சேர்ந்து தொடங்க முடியும். குழுவில் வாசித்த எவருக்கும் இந்த விதியின் நியாயம் கையிலேயே தெரியும்.

அந்த ஒற்றைத் தாளத்தைப் பற்றி, மிஷ்னாவை விளக்கும் தால்முத் ஒரு செய்தி சொல்கிறது. வெண்கலத்தாலான அதன் நாதம் இனிமையாக இருந்தது. ஒருநாள் அது பழுதுபட்டது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துச் சரிசெய்தார்கள். நாதம் கெட்டுவிட்டது. சரிசெய்ததை எடுத்துவிட்டார்கள், பழைய இனிமை திரும்பியது. வெண்கலத்தோடு பழகியவன் இதை அப்படியே நம்புவான். விரிசலின்மேல் உலோகத்தை ஊற்றி ஒட்டினால் அந்த இடம் கனத்துப்போகும். அடித்ததும் ஓடவேண்டிய அதிர்வு அங்கே முட்டி அடங்கிவிடும். அதனால்தான் விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் சிறு துளை போடுவோம், அல்லது விரிந்த ஓரத்தை அரத்தால் ராவி எடுப்போம். வெண்கலத்தில் குறைத்தால் பிழைக்கும், கூட்டினால் ஊமையாகிவிடும். அடைத்து அழகாக்கிய தாளத்தைவிடப் பழுதோடு பாடுகிற தாளமே மேல் என்று அந்த ஆலயத்தார் முடிவு செய்தார்கள். அவர்களுடைய காதுக்கு நான் தலைவணங்குகிறேன்.

பிரதான ஆசாரியருடைய நீல அங்கியின் விளிம்பில் மாதளம்பழ வேலைப்பாட்டோடு மாறிமாறித் தொங்கிய பொன்மணிகளையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் அந்த ஒலி கேட்க வேண்டும் என்பது யாத்திராகமம் 28-ன் கட்டளை. அதை வாசிக்கத் தனியாக ஒரு கை இல்லை. ஆசாரியர் நடக்கும் நடையே அதை ஒலிக்கச் செய்தது. எருசலேமில் 2011-ல் இரண்டாம் ஆலயக் காலத்து வடிகால் ஒன்றிலிருந்து சிறிய பொன்மணி ஒன்று கிடைத்தது. யாருடைய உடையில் இருந்ததோ, அசைத்தால் அதில் இன்னும் ஒலி வருகிறது.

தாளத்துக்குப் பின் குரல் என்ற ஒழுங்கை 150-ஆம் சங்கீதத்திலும் காண்கிறேன். எக்காளத்தில் தொடங்கி யாழ், தோஃப், நடனம், நரம்பு, குழல் என்று கருவிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசிக் கருவி கைத்தாளம், அதுவும் இரண்டுமுறை. அதற்கு அடுத்து இன்னொரு கருவி இல்லை. சுவாசமுள்ள யாவும் அழைக்கப்படுகின்றன. பென் அர்சா தட்டியதும் லேவியர் பாடிய அதே ஒழுங்கு இது. இங்கே லேவியரின் இடத்தில் உயிர்கள் அனைத்தும் நிற்கின்றன.

ஆராதனையில் வாசிக்க வரும் இளைஞர்களுக்கு நான் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். விரல் வேகம் பழகப் பழக வந்துவிடும். முதலில் பாடுகிறவர்களின் மூச்சைக் கேளுங்கள். நீங்கள் போடுகிற அடியால் சபையின் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், உங்கள் ஊழியம் நிறைவேறிவிட்டது. அதன் பிறகு அடி குறைந்தால் நஷ்டமில்லை. லேவியர் பாடக் காத்திருந்த பிராகாரத்தில் ஒரேயொரு தாளம் போதும் என்று வைத்தார்களே, அந்த நம்பிக்கையோடு வாசியுங்கள்.