நாலு வயசுக் குதிரைக்கு நாலு அடி

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

திருவிழாவில் என்னைத் தண்ணீர்ப் பந்தலில் பார்க்கிற பலருக்கு என் பிழைப்பு என்னன்னு தெரியாது. ஈப்போ பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். "எப்படிண்ணே அந்த முரட்டுக் குதிரையை அடக்குனீங்க?" என்று நம்ம தொண்டர் அணித் தம்பிகள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சிங்கப்பூரில் 1842-இல் தொடங்கிய குதிரைப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அங்கிருந்த குதிரைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அப்படி எங்களிடம் வந்ததுதான் இது. நாலு வயசு, காயடித்த ஆண் குதிரை. லாயத்தில் வைத்த பெயர் முனியன். ஆளைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்கும், தோளைக் கடிக்கும். கடிவாளத்தை எடுத்தால் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும். 450 கிலோவுக்கு மேல் எடை. வந்த வாரமே ஒரு சைஸுக்கு விரல் முறிந்தது.

"ஒரு மாசம் பாருங்க, சரிவரலைன்னா வேணாம்" என்றார் முதலாளி. வேணாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். வேலைக்கு ஆகாத, ஆளைக் கடிக்கிற குதிரைக்கு யாரும் காலமெல்லாம் தீனி போட மாட்டார்கள்.

எங்களோடு வயசான சைஸ் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை அழுதா முதல்ல வயித்தைப் பாருடா, அப்புறம் குணத்தைப் பாரு." மருத்துவரை வரவழைத்து வாயைப் பார்க்கச் சொன்னோம். இரண்டரை வயசிலிருந்து நாலரை வயசு வரைக்கும் குதிரைக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். முனியனுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் 'ஓநாய்ப் பல்' என்கிற குட்டிப் பல்லும் இருந்தது. கடிவாளத்தின் இரும்பு அதிலே போய் இடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி, மற்ற பற்களின் கூர் விளிம்புகளை ராவிவிட்டார். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண்ணும் சாதாரணம். நாளெல்லாம் அடைப்புக்குள் நிற்பதும் தானியத்தீனி அதிகமாவதும் அதற்குக் காரணங்கள். அதனால் தானியத்தைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டி, தினமும் சில மணி நேரம் திறந்தவெளியில் விட்டோம்.

வலி போனது. பழக்கம் போகலை. காலைத் தூக்கினால் மனுசன் கயிற்றை விட்டுவிடுவான் என்று அது ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. தூக்கினதுக்குக் கிடைத்த கூலி அது. அந்தக் கூலியை வேறு வேலைக்குக் கொடுக்கணும்.

அதுக்குத்தான் நாலு அடி. பிரம்படி இல்லை தம்பிகளா, காலடி! கடிவாளம் இல்லாமல் தலைக்கயிறும் நீளக் கயிறும் மட்டும். நேர் எதிரே நிற்கக் கூடாது, இடது தோள் பக்கம் நிற்கணும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. நாலு அடி நடை, நில், இரண்டு அடி பின்வாங்கு. சொன்னதைச் செய்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்தணும். பிந்தித் தளர்த்தினால் எதற்காகத் தளர்த்தினோம் என்று அதற்குப் புரியாது. காலைத் தூக்கினால் விலகி நின்றுகொள்வேன், ஆனால் கயிறு என் கையில்தான் இருக்கும். இறங்கியதும் மறுபடி நாலு அடி. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிசம்தான். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுவோம்.

கடிக்கிறதுக்கு முகத்தில் அறையவே இல்லை. அறைந்தால் கையைக் கண்டாலே தலையை உதறும், அல்லது அதையே விளையாட்டாக்கிக்கொள்ளும். கேரட்டைக் கையில் கொடுப்பதை நிறுத்தி வாளியில் போட்டோம். நெருங்கி வந்தால் முழங்கையை மடக்கி இடைவெளி காட்டினேன். கோபத்தோடு குதிரையிடம் போகக் கூடாது என்று 2,300 வருசத்துக்கு முன்பே கிரேக்கத் தளபதி செனபோன் எழுதி வைத்திருக்கிறார். மனசு சரியில்லாத நாளில் நான் சாணி மட்டும் அள்ளிவிட்டு வந்துவிடுவேன்.

நாலாவது வாரம், தலையைத் தாழ்த்திக் கடிவாளத்தை வாங்கிக்கொண்டது. முதலாளி பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல் போதும் எங்களுக்கு. லாடம் அடிக்கிறவரைக் கண்டால் இன்னும் காதை மடக்கத்தான் செய்கிறது. புதுசா ஓட்டப் பழகுகிறவர்களை அதன்மேல் ஏற்றும் காலம் இன்னும் வரலை. வரும்.

பிள்ளைகளைக் குதிரை பார்க்கக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால், வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் வருவது அதற்குத் தெரியாது. தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே வாங்க. கேட்காமல் கையில் தீனி நீட்டாதீங்க. நீங்கள் ஆசையாகக் கொடுக்கிற ஒரு கேரட், நாங்கள் ஒரு மாசம் சொல்லிக் கொடுத்ததை மறக்கடித்துவிடும்.

தம்பிகளா, இனி பார்க்கும்போது வேறு கேள்வி கேளுங்கப்பா!