பெயர் ஒருவருடையது, பறத்துபவர் வேறொருவர்



வானூர்தியின் மீது எழுதியுள்ள பெயரை நம்பியே நாம் ஏறி அமர்கிறோம். அதனை ஓட்டுபவர் அந்நிறுவனத்தின் விமானிதானா என்று கேட்பதில்லை.

அமெரிக்காவில் அக்கேள்வியை விமானிகளே எழுப்பினர். அங்கே சிறு நகரப் பயணங்களைக் குறைந்த ஊதியம் தரும் வட்டார நிறுவனங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். 50 இருக்கைகளுக்கு மேற்பட்ட ஜெட் வானூர்திகளை அவ்வாறு ஒப்படைக்கலாகாது எனக் கான்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தம் வரம்பு கட்டியிருந்தது. 2010இல் அந்நிறுவனம் யுனைடெட்டுடன் இணைந்ததும், 70 இருக்கை ஜெட்களை வெளியாரைக் கொண்டு இயக்க நிர்வாகம் முனைந்தது. விமானிகள் முறையிட்டனர், அவ்வாண்டின் இறுதியில் நடுவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். எனினும், 2012இன் புதிய ஒப்பந்தம் 76 இருக்கைகள் வரை இடம் கொடுத்தது.

இது வேலைக்கான போராட்டம் மட்டுமன்று. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கருகே விழுந்த வானூர்தி கான்டினென்டலின் பெயரைத் தாங்கியிருந்தது. இயக்கியதோ கோல்கன் ஏர். ஐம்பது உயிர்கள் மாய்ந்தன. இயக்கும் நிறுவனத்தின் பெயரைப் பயணச்சீட்டு விற்கும் இணையப் பக்கத்திலேயே காட்டவேண்டும் என 2010இல் சட்டம் வந்தது.

வட்டார விமானிகளை நான் குறைகூறவில்லை; அவர்களும் உழைப்பாளிகளே. ஆனால், மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடும் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை அறிவேன்: பணியைப் பிறரிடம் கொடுக்கலாம், பெயருக்குரிய பொறுப்பைக் கொடுத்துவிட முடியாது.

அடுத்த முறை பயணச்சீட்டு வாங்கும்போது, இயக்குபவர் யாரென்னும் சிறிய வரியையும் படியுங்கள்.