ஆள் சேர்த்தல்

கரடியனாற்றில் 'ஆள் சேர்க்க வந்திருக்கிறார்கள்' என்று யாரும் சும்மா சொல்வதில்லை. படுவான்கரை விடுதலைப் புலிகளின் பிடியிலிருந்தபோது அவர்களது தேனகம் மண்டபம் இங்குதான் இருந்தது. பிள்ளைகளைத் தேடி வீடுகளுக்கு ஆள் வந்த காலம் அது. 2007 இல் இப்பகுதி அரச படைகளின் கைக்கு மாறியது. அந்தச் சொல் கிளப்பிய பயம் மட்டும் தாய்மாரை விட்டுப் போகவில்லை.

இப்போது உதைபந்தாட்டத்துக்கு ஆள் சேர்க்க வருகிறார்கள்.

நான் ஏறாவூர்க்காரன், ஓய்வுபெற்ற ஆசிரியன். வாப்பாவின் வயல் கரடியனாற்றுப் பக்கம் இருந்தது. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் எமது சனங்கள் கொல்லப்பட்ட பிறகு பல வருடங்கள் அந்த வரம்பை நாங்கள் மிதிக்கவில்லை. திரும்பப் போனபோது எல்லை காட்டித் தந்தவர் வாப்பாவின் பழைய முல்லைக்காரர். அவருடைய பேரனைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வயது 17. மாடு மேயும் வெளியில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன். இடக்காலால் அவன் அடிக்கும் பந்து வளைந்து போவதைப் பார்க்கவே சனம் கூடும்.

கொழும்புப் பாடசாலையொன்று உயர்தரம் படிக்க அழைக்கிறது. விடுதியும் சாப்பாடும் இலவசமாம். படையணியொன்றுக்காக ஆடும் ஒருவரோ, 18 ஆனதும் தங்களிடம் வரும்படி சொல்லியிருக்கிறார். இதுவும் லேசான அழைப்பல்ல. 2021 இல் நடந்த சுப்பர் லீக்கின் 10 அணிகளில் 3 முப்படைகளுடையவை. 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அப்படியான நாட்டில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள இடத்தை எந்த ஆட்டக்காரன் வேண்டாமென்பான்?

தாய் என்னிடம் சொன்னாள்: "பந்தடிக்கத்தான் கூப்பிடுறாங்க எண்டு விளங்குது காக்கா. ஆனா அந்த உடுப்பக் கண்டா நெஞ்சு பதறுது."

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் பையன்களைத் தேடிப் பிடிப்பது பெரிய வியாபாரம். அங்கும் வாய்ச்சொல்லாகத்தான் முதலில் சம்மதிப்பார்கள். பலர் மாறியும் விடுவார்கள். ஆனால் 1964 இல் தொடங்கி 2024 வரை அங்கே ஒரு சம்மதக் கடிதம் நடைமுறையில் இருந்தது. பையன் ஒப்பமிட்டால் ஒரு வருடம் அக்கல்லூரிக்குக் கட்டுப்பட்டவன். கல்லூரியும் அந்த வருடத்துக்கான உதவிப்பணத்தைக் கொடுத்தாக வேண்டும். மற்றக் கல்லூரிகள் அவனை விட்டுவிட வேண்டும். இப்போது அந்தக் கடிதம் இல்லை. உதவிப்பண ஒப்பந்தமே அதன் வேலையைச் செய்கிறது. எப்படியோ, இரு பக்கத்தையும் ஒரு தாள் கட்டுகிறது.

இங்கே எல்லாம் தொலைபேசிப் பேச்சு. பாடசாலைக்காக வந்தவரிடம் மூன்று விஷயங்களை எழுதித் தரக் கேட்டேன். விடுதிச் செலவு எத்தனை வருடத்துக்கு? காலில் அடிபட்டால் வைத்தியம் யார் பொறுப்பு? ஆட முடியாமற் போனாலும் படிப்புத் தொடருமா? அவர் சிரித்தார். "நம்பிக்கைதானே சேர்" என்றார். அந்தச் சிரிப்பைப் பையனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவன் சொன்ன பதில் இவ்வளவுதான்: "வேளாண்மை வெட்டி முடியட்டும் சேர். யோசிச்சுச் சொல்றேன்."

வாய்ப்பைத் தவறவிடுகிறான் என்று ஊர் ஏசுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் சேர்க்க வந்தவரை இந்த மண்ணில் ஒரு பிள்ளை காத்திருக்கச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு முந்திய தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை.